இடப்பக்கம் மண்சுவர்

அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க கொஞ்சம் சன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்துக்கிறீங்களா? எனக்கு அந்தப் பக்கம் ஆகாதுங்க. வாந்தியெல்லாம் இல்லைங்க்கா. பள்ளத்தைப் பார்க்க முடியலை, அவ்வளவுதான். மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ற வரைக்கும் யார்கிட்டயாவது பேசிட்டே இருந்தா சரியாப் போயிடும். உங்களுக்குத் தொந்தரவு இல்லைன்னா சொல்றேன்.

என் பேரு கோகிலவாணி. கோயமுத்தூர்ல, கணபதிப் பக்கம், ஒரு சின்னக் கம்பெனியில வேலை. மொத்தமே பதினோரு பேர்தான். பஸ்ஸுக்கு வெளியே ரெண்டு பக்கமும் கேமரா வெச்சு, உள்ள டிரைவருக்கு இடப்பக்கம் ஒரு ஸ்கிரீன், வலப்பக்கம் ஒரு ஸ்கிரீன் வைப்போம். மலையில மஞ்சு, அதாங்க பனிமூட்டம், இறங்கினா பக்கக் கண்ணாடி பூத்துப் போயிடும் பாருங்க, கேமரா அப்படி ஆகாது. நல்ல சாமான்தாங்க்கா. நான் இப்பவும் அதைத்தான் சொல்வேன், நல்ல சாமான்தான்.

அந்த ஸ்கிரீனுக்கெல்லாம் பொதுவா ஒரு போர்டு இருக்கும். கரண்ட் வந்ததும் அந்த போர்டுக்கு ஒண்ணுமே தெரியாது. தன்கூட எத்தனை ஸ்கிரீன் மாட்டியிருக்கு, எது எந்த வயர்ல இருக்கு, எத்தனை புள்ளி அகலம், கரண்ட் குடுத்து எவ்வளவு நேரம் கழிச்சு அது முழிக்கும், எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல நாம எழுதி வைக்கணும். டிவைஸ் ட்ரீன்னு சொல்லுவோம். அதைப் படிச்சுத்தான் போர்டு எல்லாத்தையும் தெரிஞ்சுக்கும். அந்த ஃபைல்ல இல்லாததை அது யோசிக்காது, தானா ஒரு முடிவுக்கு வந்துடும். அந்த ஃபைலை எழுதுறதுதான் ஆறு வருஷமா என் வேலை.

போன ஐப்பசியில இடது ஸ்கிரீனை மட்டும் வேற இடத்துல வாங்க ஆரம்பிச்சோம். எங்க ஆபீஸ்ல இர்ஃபான்னு ஒருத்தர், போர்டு, வயரிங் எல்லாம் அவர் பொறுப்பு. எனக்கு ஒரு மெயில் போட்டாரு. 'புது ஸ்கிரீன் முழிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்குது, எது ஒண்ணாம் நம்பர், எது ரெண்டாம் நம்பர்னு ஃபைல்லயே பேர் போட்டுக் கட்டி வெச்சிருங்க'ன்னு. ரெண்டு வரி மெயில். அவ்வளவு முக்கியமா இருந்தா எழுந்து வந்து சொல்லியிருக்கலாம் இல்லீங்களா? என் மேசைக்கும் அவர் மேசைக்கும் நாலடி தூரம். நான் முழிக்கிற நேரத்தை மட்டும் மாத்தினேன். பேர் போடலை. பேர் இல்லைன்னா முதல்ல முழிக்கிற ஸ்கிரீனை போர்டு ஒண்ணாம் நம்பர்னு, அதாவது இடதுன்னு, எடுத்துக்கும். எங்க ஆபீஸ்ல எத்தனை தடவை போட்டாலும் இடதுதான் முதல்ல வந்துச்சு. அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன்.

கோத்தகிரிக்கு மேல ஒரு எஸ்டேட். தேயிலை பறிக்கிறவங்களை ஏத்திட்டுப் போற அவங்க பஸ் அஞ்சு. அஞ்சுக்கும் மாட்டினோம். ஓடுறதைப் பார்த்துட்டு வரச் சொல்லி எங்க முதலாளி வரதராஜ் சார் என்னை அனுப்பினாரு. மார்கழி மாசம், திங்கட்கிழமை. டிரைவர் பேரு பெள்ளி. படுகர். ஐம்பது வயசு இருக்கும். பதினேழு வருஷமா அதே ரோடு, அதே வண்டி.

"மேடம், கண்ணாடியும் இருக்கட்டுமே"ன்னாரு.

"கண்ணாடி இருந்தா பழக்கதோஷத்துல அதைத்தான் பார்ப்பீங்க, மடக்கிடுங்க"ன்னு நான்தான் சொன்னேன். டெஸ்ட்டுன்னா அப்படித்தாங்க்கா பண்ணணும். கிளீனரும் கிடையாது. ஸ்கிரீன் வந்ததுக்கப்புறம் பின்னாடி இறங்கிப் பார்க்க ஆள் எதுக்குன்னு எஸ்டேட்ல நிறுத்திட்டாங்க. அது எங்க விளம்பரத்துலயே இருக்கும்.

விடிஞ்சு ஆறே முக்கால் இருக்கும். என்னா குளிரு! வண்டிக்குள்ள முப்பத்தெட்டு பொம்பளைங்க, மடியில கூடை. நான் முன்னாடி இடப்பக்கம், லேப்டாப்பை மடியில வெச்சுட்டு. புறப்பட்ட இடத்துல இருந்தே ரெண்டு பக்கமும் ஒரே வெள்ளை. ரெண்டு ஸ்கிரீன்லயும் வெள்ளை. படம் தெளிவா இருக்குன்னு நோட்ல எழுதிக்கூட வெச்சேன்.

கீழே இறங்கிட்டிருக்கோம். எதிர்ல தேயிலை லாரி ஒண்ணு லோடோட மேல ஏறி வருது. ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும், அதுதான் மலையில முறை. பெள்ளி ரிவர்ஸ் போட்டாரு. அந்த இடம் எப்படின்னா அக்கா, ஒரு வளைவுல பள்ளம் இடப்பக்கம் இருக்கும், அடுத்த வளைவு தாண்டினா வலப்பக்கம் போயிடும். மஞ்சுக்குள்ள எந்த வளைவுல நிக்கிறோம்னே தெரியாது. அவரு இடது ஸ்கிரீனைப் பார்த்தாரு. நானும் பார்த்தேன். செம்மண் சுவர். ஈரமா, பெரணிச் செடி தொங்கிட்டு. சுவர் இருக்கிற பக்கம் ஒதுங்கலாம்னு அவரு அந்தப் பக்கமா ஒடிச்சுப் பின்னால எடுக்குறாரு.

நான் சும்மா திரும்பி என் சன்னல் வழியா பார்த்தேன்.

சுவரே இல்லைங்க்கா. ஒண்ணுமே இல்ல. வெள்ளை. கீழே எங்கேயோ தண்ணி விழுற சத்தம் மட்டும் வருது.

அந்த ஒரு நொடியில எனக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு. இடது வலது மாறி வந்திருக்கு. எந்த ஃபைல், எந்த இடம், எல்லாம் கண்ணு முன்னாடி ஓடுது. ஆனா வாய் திறக்க வரலை. வண்டி பின்னால போய்ட்டே இருக்குது, நான் சன்னலையும் ஸ்கிரீனையும் மாத்தி மாத்திப் பார்க்குறேன். ஒரு வார்த்தை வரலைங்க்கா. நிறுத்துங்கன்னு ஒரே ஒரு வார்த்தை.

பின்னாடி இருந்து ஒரு பொம்பளை, செல்லாயின்னு பேரு, வண்டித் தகரத்துல படபடன்னு அடிச்சு, "யண்ணே, நிறுத்து! பள்ளம்! பள்ளம்!"னு கத்தினாங்க. பெள்ளி பிரேக்கை மிதிச்சாரு. அதுக்குள்ள பின்சக்கரம் ஒண்ணு கரையைத் தாண்டிப் போச்சு. வண்டி அப்படியே ஒரு பக்கமாச் சாய்ஞ்சு, நின்னுச்சு. கூடையெல்லாம் உருண்டு பின்னாடி போகுது. எல்லாரும் ஒரே நேரத்துல அலற, அந்தச் செல்லாயி அக்காதான், "யாரும் ஓடாதீங்கடி! பின்னாடி இருக்கறவுங்க மெதுவா முன்னாடி வாங்க! ஒவ்வொருத்தரா!"ன்னு அதட்டுறாங்க. கதவு பள்ளத்துப் பக்கம். அதனால டிரைவர் சீட்டைத் தாண்டி அவரு கதவு வழியாத்தான் இறங்கணும். பெள்ளி பிரேக்கை விடாம மிதிச்சுக்கிட்டு உடம்பை ஒதுக்கிக் குடுத்தாரு. அவரு கால் தடதடன்னு ஆடுது. முப்பத்தெட்டு பேரும் இறங்குற வரைக்கும் அந்தக் காலை எடுக்கலை.

நான் முதல்லயே இறங்கிட்டேன். பக்கத்துல இருந்தேன் இல்லீங்களா. கையில லேப்டாப் வேற.

அப்புறம் அந்த லாரிக்காரர் முன்னாடி கயிறு கட்டி இழுத்து வண்டியை மேல ஏத்தினாரு. எஸ்டேட் மேனேஜர் பொன்னப்பா சார் ஜீப்புல வந்தாரு. பெள்ளி அவருகிட்ட, "சார், இடது ஸ்கிரீன்ல மண்சுவர் தெரிஞ்சுது சார். நாலாவது வளைவைத் தாண்டிட்டோம்னு நினைச்சுட்டேன்"னாரு.

மேனேஜர் நேரா வண்டியில ஏறினாரு. சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணி மறுபடி போட்டாரு. ரெண்டு ஸ்கிரீனும் வந்துச்சு. இடது ஸ்கிரீன்ல பள்ளம், வலதுல சுவர். எல்லாம் சரியா. ஏன்னு இப்பத் தெரியும். அதுக்குள்ள ஸ்கிரீன் சூடாயிருந்துச்சு. காலையில குளிர்ல இடது ஸ்கிரீன் லேட்டா முழிச்சிருக்கு. போர்டு முதல்ல வந்த வலதை ஒண்ணாம் நம்பர்னு எடுத்துக்கிட்டு, இடப்பக்கப் படத்தை அதுக்கு அனுப்பிடுச்சு. சூடானதுக்கப்புறம் ஒழுங்கா வந்துடுச்சு.

"என்னய்யா, சரியாத்தானே இருக்கு? காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டியா?"ன்னாரு மேனேஜர்.

"சார், என் பையன்மேல சத்தியமா..."

மேனேஜர் என் பக்கம் திரும்பினாரு. "மேடம், இது மாறித் தெரிய வாய்ப்பு இருக்கா?"

பெள்ளி என்னைப் பார்த்தாரு. முப்பத்தெட்டு பொம்பளைங்களும் பார்த்தாங்க.

"வாய்ப்பு இல்ல சார்"னேன்.

அப்ப வாய் நல்லா வந்துச்சு.

ஏன் சொன்னேன்னு கேட்காதீங்க. பயம்தாங்க்கா. என்னமோ கொலை பண்ணி மாட்டிக்கிட்ட மாதிரி. அடுத்து அறுபது பஸ்ஸுக்கு எங்க கம்பெனியில ஆர்டர் பேசிட்டிருந்தாங்க, போச்சுன்னா பதினோரு பேர் வேலையும் போச்சு. நிச்சயமாத் தெரியாம எப்படிச் சொல்றதுன்னும் இருந்துச்சு. ஒரு இன்ஜினியர் டெஸ்ட் பண்ணாம எதையும் சொல்லக் கூடாது இல்லீங்களா?

பெள்ளியை அன்னைக்கே சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. லைசென்ஸை ரத்து பண்ணச் சொல்லி ஆர்டிஓ ஆபீஸுக்கு எழுதப் போறதாச் சொன்னாங்க.

நான் கீழே வந்து வியாழக்கிழமை டெஸ்ட் பண்ணேன். ஆபீஸ்ல சாப்பாட்டு டப்பா வைக்கிற ஃப்ரிட்ஜ் ஒண்ணு இருக்கு. தயிர், சட்னியெல்லாம் எடுத்து வெளியே வெச்சுட்டு, ரெண்டு ஸ்கிரீனையும் ஒரு மணி நேரம் உள்ள வெச்சேன். மேல 'இடது', 'வலது'ன்னு ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருந்தேன். எடுத்து மாட்டிக் கரண்ட் குடுத்தேன். 'இடது'ன்னு ஒட்டின ஸ்கிரீன்ல வலப்பக்கப் படம். முதல் தடவையே. மறுபடி வெச்சேன். மறுபடியும் அதேதான். மூணாவது தடவை வைக்கக் கை வரலை. ஸ்கிரீன்ல என் மேசையும் இர்ஃபான் மேசையும் பக்கம் மாறித் தெரியுது, எனக்கு அந்தச் செம்மண் சுவர்தான் தெரியுது. ஸ்டூல்ல உட்கார்ந்துட்டேன்.

அப்பத்தான் இன்னொண்ணு தோணுச்சு. மீதி நாலு பஸ் அங்கே ஓடிட்டு இருக்கு. நாளைக்குக் காலையில குளிர்ல நாலையும் ஸ்டார்ட் பண்ணுவாங்க.

என்மேல தப்புச் சொல்றவங்க இதைக் கேட்கணும். நான் யாரையும் கேட்கலை, அனுமதி வாங்கலை. நாலு டிரைவருக்கும் நானே போன் போட்டேன். "அண்ணா, ஸ்கிரீனை ஆஃப் பண்ணி வைங்க, கண்ணாடியைப் பார்த்து ஓட்டுங்க, ஒரு அப்டேட் இருக்கு"ன்னு. மூணு பேர் சரின்னு வெச்சுட்டாங்க. ஒருத்தர் மட்டும், "அப்ப பெள்ளி சொன்னது நெசமா மேடம்?"னு கேட்டாரு. "இல்லைண்ணா, இது வேற"ன்னேன். அப்புறம் ஃபைல்ல ரெண்டே ரெண்டு வரி சேர்த்தேன். இடதுக்கு ஒரு பேரு, வலதுக்கு ஒரு பேரு. இனிமே எது முதல்ல முழிச்சாலும் மாறாது. ரெண்டு வரிங்க்கா. எழுத ஒரு நிமிஷம் ஆகலை.

வரதராஜ் சார்கிட்டச் சொன்னேன். "சரி பண்ணியாச்சு இல்ல? அந்த டிரைவர் விஷயம் எஸ்டேட்டுக்குள்ள நடக்கிறது, நாம எதுக்குக் கிளறணும்"னாரு. நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன். அப்புறம் நாலு பஸ்ஸுக்கும் புது ஃபைல் ஏத்துற வேலை, பொங்கல் வேற வந்துச்சு. தூக்கம்தான் போச்சு. வீட்டுல மிக்ஸி ஓடினாக்கூட நெஞ்சு அடிச்சுக்கும். போன் வந்தா எடுக்குறதுக்குள்ள வேர்த்துடும். கணக்குப் பார்த்தா பெள்ளி வீட்டுல உட்கார்ந்து பத்தொன்பது நாள் ஆயிடுச்சு. ஆனா அந்தக் கணக்கை நான் பார்க்கலைங்க்கா.

அந்தப் பத்தொன்பதாம் நாள் ஒரு போன். தெரியாத நம்பர்.

"மேடம், பெள்ளி பேசறனுங்க."

திட்டப் போறாருன்னு நினைச்சேன். போலீஸ், வக்கீல்னு என்னென்னமோ ஓடுது.

"நீங்க படிச்சவங்க, அதான் கேக்கறேன். கண்ணுல இடதும் வலதும் மாறித் தெரியற மாதிரி ஏதாச்சும் வியாதி இருக்குங்களா?"

நான் எழுந்து கதவைச் சாத்தினேன்.

"இல்ல மேடம், கோயமுத்தூர்ல எந்த ஆஸ்பத்திரி நல்லதுன்னு தெரிஞ்சாச் சொல்லுங்க. கண்ணா, தலையான்னு தெரியல. வீட்டுல சோறு போடறப்பக்கூட இது வலது கைதானான்னு பாத்துட்டுச் சாப்பிடறேன். பையனை வண்டியில வெச்சு ஓட்டவே பயமா இருக்குதுங்க."

அக்கா, அன்னைக்கு அந்தப் பள்ளத்துல வண்டி சாயுறப்பக்கூட எனக்கு அவ்வளவு பயம் வரலை.

"எந்த ஆஸ்பத்திரிக்கும் போகாதீங்க, நான் வர்றேன்"னு மட்டும் சொன்னேன்.

நேத்து வந்தேன். அவங்க ஊருல வீட்டைக் கண்டுபிடிச்சுப் போனேன். அவரு சம்சாரம் டீ கொண்டு வந்து வெச்சாங்க. நான் டீயைத் தொடாம எல்லாத்தையும் சொன்னேன். இர்ஃபான் மெயில், ஃப்ரிட்ஜ், ரெண்டு வரி. அவருக்குப் பாதி புரிஞ்சிருக்காது. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு.

"அப்ப இடப்பக்கம் நான் பார்த்தது மண்சுவர்தானா?"

"மண்சுவர்தாங்க. நானும் பார்த்தேன்."

எழுந்து பின்பக்கம் போயிட்டாரு. பைப்புல தண்ணி ரொம்ப நேரம் ஓடுற சத்தம் கேட்டுச்சு. அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துட்டு, "நான்கூட நம்பலை. குடிச்சிருப்பாருன்னுதான் நினைச்சேன்"னு மெதுவாச் சொன்னாங்க.

அவரு முகத்தைத் துடைச்சுட்டு வந்து, "எழுதிக் குடுங்க மேடம்"னாரு.

எழுதினேன். 'மென்பொருளில் ஏற்பட்ட ஒரு சிறு குறைபாட்டினால்'னு ஆரம்பிச்சு, நல்லாத்தாங்க்கா எழுதினேன். அந்த அம்மா வாங்கி, விரல் வெச்சு ஒவ்வொரு வரியாப் படிச்சாங்க. படிச்சு முடிச்சுட்டு, "இதுல இவரு பார்த்தது சரின்னு எங்கே இருக்கு?"ன்னு கேட்டாங்க.

இல்லைதான். கிழிச்சுட்டு வேற எழுதினேன். 'ஓட்டுநர் பெள்ளி பார்த்தது சரி. திரை காட்டியது தவறு. திரையை அமைத்தது நான்'னு. கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டேன்.

அதை எடுத்துட்டு மூணு பேரும் மேனேஜர்கிட்டப் போனோம். அவரு ரெண்டு தடவை படிச்சாரு. "அன்னைக்கே உங்களைக் கேட்டேனே மேடம்?"

"அன்னைக்கு எனக்கு நிச்சயமாத் தெரியாது சார்"னேன். அது பொய்யில்லை இல்லீங்களா? நிச்சயமாத் தெரியாதுதானே?

அவரு பேப்பரை மடிச்சு மேசையில வெச்சாரு. பெள்ளிகிட்ட, "காலையில வண்டியை எடு"ன்னாரு. அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் கேட்கலை. பெரிய மனுஷங்க கேட்க மாட்டாங்க. அந்தப் பேப்பரை போட்டோ எடுத்து எங்க சாருக்கு அனுப்பியிருக்காங்க. பதினோரு மிஸ்டு கால் இருக்கு, எடுக்கலை. எடுத்தா என்ன சொல்லுவாருன்னு தெரியும். அதுகூடப் பரவால்லைங்க்கா, வேலை போனாப் போகட்டும்.

வெளியில வந்ததும் பெள்ளி சொன்னாரு, "மேடம், காலையில நீங்களும் வண்டியில வரணும். அந்தப் பொம்பளைங்க இருபது நாளா என்னைப் பார்த்தா ஒதுங்கிப் போறாங்க. அவங்ககிட்ட நான் சொன்னா எடுபடாது. நீங்க சொல்லணும்."

எப்படி மாட்டேன்னு சொல்றது? ராத்திரி பூரா லாட்ஜ்ல உட்கார்ந்தே இருந்தேன். இன்னைக்குக் காலையில ஏறினேன். கண்ணாடி ரெண்டையும் விரிச்சு விட்டிருந்தாரு. ஸ்கிரீன் மேல துண்டைப் போட்டு மூடியிருந்தாரு. மஞ்சு அன்னைக்கு மாதிரியேதான். நான் கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு, கண்ணை மூடிட்டேன்.

இறங்க வேண்டிய தேயிலைக் காட்டுக்கிட்ட வண்டியை நிறுத்தினாரு. யாரும் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி, "இந்த மேடம் ஏதோ சொல்லணுமாம்"னாரு.

எழுந்து நின்னேன். சொன்னேன். பெள்ளி அண்ணன்மேல தப்பே இல்ல, ஸ்கிரீன்தான் மாறிக் காட்டுச்சு, அதை அப்படி வெச்சது நான்தான், அன்னைக்கு நானும் பார்த்தேன்னு. எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன். சில பேர் பெள்ளியைத் திரும்பிப் பார்த்தாங்க. அவரு நேரா ரோட்டையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாரு.

செல்லாயி அக்கா கூடையை முதுகுல மாட்டிக்கிட்டே என்கிட்ட வந்தாங்க. கோபமாவே இல்லைங்க்கா. நிஜமாவே தெரிஞ்சுக்கணும்ங்கிற மாதிரிதான் கேட்டாங்க.

"நீயும் பாத்தியாமா? பாத்துட்டு ஏம்மா கத்தலை?"

"பயந்துட்டேங்க்கா"ன்னேன்.

கூடைக் கயிறை இறுக்கிக்கிட்டாங்க. அப்புறம், "எங்களுக்கும் பயமாத்தான் இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு இறங்கிக் காட்டுக்குள்ள போயிட்டாங்க.